போக்கர்: கேஷ் கேமா, டோர்னமென்டா? காசை வைக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை. வேலை முடிந்து ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்குகிறீர்கள். கைப்பேசியில் நண்பரின் செய்தி: "இன்னிக்கு நைட் வீட்ல போக்கர். எட்டுப் பேர். ஆளுக்கு 20 வெள்ளி. வரியா?"

பக்கத்து புளோக்தான். 20 வெள்ளி பெரிய தொகை இல்லை. முஸ்தபா பக்கம் நான்கு பேர் சாப்பிடப் போனாலே அதைவிட அதிகமாகும். "சரி, வர்றேன்" என்று பதில் அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கேஷ் கேமா, டோர்னமென்டா?"

அந்த ஒரு கேள்வியை வைத்தே பலவற்றைக் கணித்துவிடலாம். அன்றிரவு உங்கள் பையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு போகும்? எத்தனை மணிக்கு வீடு திரும்புவீர்கள்? எப்படிப்பட்ட மனநிலையில் திரும்புவீர்கள்? இரண்டும் ஒரே சீட்டுக்கட்டு, ஒரே விதிகள்தான். ஆனால் பணத்தைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு விளையாட்டுகள்.

கேஷ் கேம் என்றால் என்ன?

கேஷ் கேமில் உங்கள் முன்னால் இருக்கும் சிப்ஸ்தான் பணம். 20 வெள்ளி கொடுத்தால் 20 வெள்ளிக்குச் சிப்ஸ். அதில் 5 வெள்ளி தோற்றால் உண்மையிலேயே 5 வெள்ளி போய்விட்டது. எப்போது வேண்டுமானாலும் எழுந்து, மிச்சமிருப்பதைப் பணமாக மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.

ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும் முன் இரண்டு பேர் கட்டாயமாக ஒரு சிறு தொகை வைக்கவேண்டும். அதற்குப் பெயர் பிளைண்ட். கேஷ் கேமில் அந்தத் தொகை மாறாது. 10 காசு, 20 காசு என்று ஆரம்பித்தால் விடியும்வரை 10 காசு, 20 காசுதான்.

எல்லாம் போய்விட்டால்? இன்னொரு 20 வெள்ளி எடுத்து வைத்து ஆட்டத்தைத் தொடரலாம். அதுவும் போனால் இன்னொரு 20. இதை ரீபை என்பார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், "விட்டதைப் பிடிக்கறது".

டோர்னமென்ட் என்றால் என்ன?

டோர்னமென்டில் நீங்கள் கொடுக்கும் 20 வெள்ளி, போட்டியில் சேருவதற்கான கட்டணம். எல்லாருக்கும் ஒரே அளவு சிப்ஸ் கிடைக்கும். 1,000 என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிப்ஸ் பணமல்ல, புள்ளி மாதிரி. பாதியில் எழுந்து "என் சிப்ஸுக்குக் காசு கொடு" என்று கேட்கமுடியாது.

சிப்ஸ் தீர்ந்தால் வெளியே. கடைசிவரை தாக்குப்பிடிக்கும் சிலருக்கு மட்டும் பரிசு. ஆட்டம் இழுத்துக்கொண்டே போகாமல் இருக்க, 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு முறை பிளைண்ட் உயரும். நல்ல சீட்டு வரட்டும் என்று சும்மா காத்திருந்தால் சிப்ஸ் தானாகக் கரைந்துவிடும்.

ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுத்த வெற்றியாளர்

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு சிறிய வரலாறு உதவும்.

1970இல் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில், பென்னி பினியன் என்பவர் தம்முடைய சூதாட்டக்கூடத்தில் உலகப் போக்கர் தொடரைத் தொடங்கினார். முதல் ஆண்டு ஆடியதெல்லாம் கேஷ் கேம்தான். கேஷ் கேமுக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. அப்படியென்றால் யார் வெற்றியாளர்? வேறு வழியில்லாமல் ஆடியவர்களே ஓட்டு போட்டு ஜானி மாஸைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1971இல், முறையை மாற்றினார்கள். எல்லாரும் ஒரே தொகையுடன் தொடங்குவது, ஒருவரிடம் எல்லாச் சிப்ஸும் சேரும்வரை ஆடுவது. இன்று நாம் டோர்னமென்ட் என்று சொல்வது அதைத்தான்.

பெரிய கனவுகள் பிறந்ததும் அங்கேதான். 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் ஒரு சிறிய தகுதிப் போட்டியில் வென்று அந்தத் தொடரின் முக்கியப் போட்டிக்குள் நுழைந்தார். 838 பேரை முந்தி 2.5 மில்லியன் அமெரிக்க டாலர் வென்றார். "அவரால முடிஞ்சா என்னாலயும் முடியும்" என்று உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் போக்கர் பக்கம் திரும்பினார்கள்.

ஆனால் அதே போட்டியின் 2023ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். 10,043 பேர் ஆளுக்கு 10,000 அமெரிக்க டாலர் கட்டிச் சேர்ந்தார்கள். பரிசு பெற்றவர்கள் 1,507 பேர். அதாவது 100 பேரில் 85 பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். முதல் பரிசு 12.1 மில்லியன் டாலர். செய்தியில் வந்தது அந்த ஒருவரின் படம். மற்ற 8,500க்கும் மேற்பட்டோரின் படம் எங்கேயும் வரவில்லை.

இப்போது நம்ம வீட்டுக் கணக்கு

எட்டுப் பேர், ஆளுக்கு 20 வெள்ளி. மொத்தம் 160 வெள்ளி. பரிசு மூன்று பேருக்கு என்று வைத்துக்கொள்வோம்: முதல் பரிசு 80, இரண்டாம் பரிசு 48, மூன்றாம் பரிசு 32 வெள்ளி.

எல்லாரும் ஒரே திறன் உள்ளவர்கள் என்றால், எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு ஒன்றும் கிடைக்காது. நீங்கள் வெறுங்கையோடு போக 62.5 விழுக்காடு வாய்ப்பு. தொடர்ந்து நான்கு வாரம் ஒரு பரிசும் வராமல் போகவும் சுமார் 15 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு அப்படி நடக்கும். அதற்கு நீங்கள் மோசமாக ஆடியிருக்கவேண்டும் என்பதில்லை. கணக்கே அப்படித்தான்.

கேட்கக் கஷ்டமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. ரீபை இல்லாத டோர்னமென்டில் ஓர் இரவில் உங்களால் இழக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 20 வெள்ளி. வீட்டுக்குள் நுழையும் முன்பே அது தெரியும். "தோத்துட்டேன்" என்றால் தோற்றாயிற்று. மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு முறுக்கு சாப்பிடலாம்.

கேஷ் கேமில் நிலைமை வேறு. ஆரம்பத்தில் அது மென்மையாகத் தெரியும். 3 வெள்ளி லாபத்தோடும் எழலாம், 7 வெள்ளி நட்டத்தோடும் எழலாம். ஐந்து பேர் மொத்தமாகத் தோற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கீழே தரை இல்லை. நான்கு முறை ரீபை செய்தால் 20 வெள்ளி ஆட்டம் 100 வெள்ளி ஆட்டமாகிவிடும். யாரும் "போதும்" என்று சொல்லமாட்டார்கள். நீங்கள்தான் சொல்லிக்கொள்ளவேண்டும். அதுவும் தோற்றுக்கொண்டிருக்கும் நேரத்தில்.

மகாபாரதத்தில் தருமன் உட்கார்ந்தது எந்த ஆட்டத்தில் என்று யோசித்துப் பாருங்கள். செல்வம் போனது, நாடு போனது, தம்பிகள் போனார்கள், பிறகு தன்னையே வைத்தான், கடைசியில் மனைவியை. ஒவ்வொரு முறையும் இன்னொன்றை எடுத்து வைக்க அனுமதித்த ஆட்டம் அது. ஆட்டக்காரனைப் பழைய கதைகள் வீழ்த்துவது பெரும்பாலும் முதல் தோல்வியால் அல்ல, "இன்னும் ஒரு தடவை" என்பதால்தான்.

20 வெள்ளியை இரட்டிப்பாக்கினால் 36 வெள்ளிதானா?

ஆட்டம் தெரிந்தவர்களும் அடிக்கடி சறுக்கும் இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கேஷ் கேமில் 20 வெள்ளிச் சிப்ஸை 40 ஆக்கினால், கையில் 40 வெள்ளி. எளிய கணக்கு.

டோர்னமென்டில்? முதல் ஆட்டத்திலேயே ஒருவருடைய 1,000 சிப்ஸையும் வென்றுவிட்டீர்கள். அவர் வெளியே. உங்களிடம் இப்போது 2,000. மற்ற ஆறு பேரிடம் தலா 1,000. உங்கள் சிப்ஸின் மதிப்பு என்ன?

40 வெள்ளி என்றுதான் தோன்றும். ஆனால் எல்லாச் சிப்ஸையும், அதாவது 8,000ஐயும் நீங்களே வென்றாலும் கிடைப்பது 160 வெள்ளி அல்ல, 80 வெள்ளிதான். மிச்சம் இரண்டாம், மூன்றாம் இடத்துக்குப் போய்விடும். ஆகவே சேரச் சேர ஒவ்வொரு சிப்பின் மதிப்பும் குறைகிறது.

சிப்ஸ் அளவை வைத்து எந்த இடத்தைப் பிடிக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதன்படி உங்களுக்கு முதலிடம் கிடைக்க 25 விழுக்காடு, இரண்டாமிடம் 21.4 விழுக்காடு, மூன்றாமிடம் 17.9 விழுக்காடு வாய்ப்பு. ஒவ்வொன்றையும் பரிசுத்தொகையால் பெருக்கிக் கூட்டினால் 36 வெள்ளி வரும்.

அதாவது வென்றால் 16 வெள்ளி கூடுகிறது. தோற்றிருந்தால் 20 வெள்ளி போயிருக்கும். காணாமல் போன 4 வெள்ளி எங்கே? ஆட்டத்தில் கலந்துகொள்ளாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஆறு பேருக்கும் ஆளுக்குச் சுமார் 67 காசு லாபம். ஒருவர் வெளியேறிவிட்டாரே!

இதனால் என்ன? கேஷ் கேமில் வெல்ல 50 விழுக்காட்டுக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே எல்லாச் சிப்ஸையும் தள்ளலாம். மேலே சொன்ன டோர்னமென்டில் அதற்குக் குறைந்தது 55.6 விழுக்காடு வேண்டும்.

கையில் ஒரு ஜோடிச் சீட்டு, எதிராளியிடம் அதைவிடப் பெரிய இரண்டு தனிச் சீட்டுகள். போக்கரில் அடிக்கடி வரும் மோதல் இது. ஜோடி வைத்திருப்பவர் வெல்வதற்கான வாய்ப்பு பெரும்பாலும் 52 முதல் 57 விழுக்காடு. ஒரே சீட்டு, ஒரே எதிராளி. கேஷ் கேமில் ஆடலாம் என்று கணக்குச் சொல்கிறது. டோர்னமென்டில் பல நேரம் "விட்டுடு" என்கிறது. கேஷ் கேமில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர் டோர்னமென்டில் முதல் ஆளாக வெளியே போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரத்தையும் கணக்கில் சேருங்கள்

எட்டுப் பேர் ஆடும் டோர்னமென்ட், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் உயர்ந்தால், பொதுவாக இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். 8 மணிக்குத் தொடங்கினால் கடைசி ரயிலுக்கு முன் கிளம்பலாம். ஆனால் பாதியில் எழமுடியாது. "அம்மா கூப்பிடறாங்க" என்று போனால் சிப்ஸை அப்படியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

கேஷ் கேமில் எப்போது வேண்டுமானாலும் எழலாம் என்பது விதி. நடப்பது வேறு. வென்றுகொண்டிருப்பவர் எழுந்தால் "காசை எடுத்துக்கிட்டு ஓடறியா?" என்பார்கள். தோற்றுக்கொண்டிருப்பவருக்கு எழ மனம் வராது. ஆக, எழுவதற்கு முழு சுதந்திரம் உள்ள ஆட்டத்தில்தான் யாரும் எழுவதில்லை. முடியும் நேரத்தை முதலிலேயே பேசி வைப்பது ஒன்றே வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதே நாளில் சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையமும் பணியைத் தொடங்கியது. குடும்பத்தினர், நண்பர்கள் வீட்டில் கூடி ஆடும் சமூகச் சூதாட்டத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. தீபாவளி இரவில் சித்தப்பா வீட்டில் ரம்மி ஆடுவது குற்றமல்ல. ஆனால் நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, இடம் வீடாக இருக்கவேண்டும். புளோக்குக்குக் கீழே உள்ள வெற்றுத்தளம் வீடு அல்ல. வாடகைக்கு எடுத்த கடைவீட்டு மாடியும் வீடு அல்ல.

இரண்டாவது, ஆடுபவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக இருக்கவேண்டும். டெலிகிராம் குழுவில் "இடம் காலி, யார் வேணும்னாலும் வரலாம்" என்று போட்டு ஆள் சேர்த்தால் அது நண்பர்கள் கூட்டமில்லை.

மூன்றாவது, வியாபாரமாக நடத்தக்கூடாது. ஆட்டத்தில் வென்ற பணத்தைத் தவிர வேறு லாபம் யாருக்கும் போகக்கூடாது. வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் "டேபிள் காசு" எடுத்தால் கதை மாறிவிடும்.

இந்த மூன்றாவது நிபந்தனை உங்கள் பைக்கும் நல்லது. ஒரு மணி நேரத்தில் சுமார் 25 ஆட்டம் ஆடலாம். ஒவ்வொன்றிலிருந்தும் 1 வெள்ளி எடுத்தால் நான்கு மணி நேரத்தில் 100 வெள்ளி. எட்டுப் பேர் கொண்டுவந்ததே 160 வெள்ளிதான். மிச்சமிருக்கும் 60க்குத்தான் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இரவில் நிச்சயமாக வெல்பவர் ஒருவர் மட்டுமே. அவர் சீட்டையே தொடவில்லை.

சாப்பாடு, கோப்பிச் செலவை ஆட்டப் பணத்திலிருந்து எடுக்காமல் தனியாகப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

செயலியில் ஆடினால்?

இங்கேதான் பல இளையர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். "நாங்க எட்டுப் பேரும் ஃபிரண்ட்ஸ்தான். செயலியில ஆடி, பேநவ்ல தீர்த்துக்கறோம். வீட்டுல ஆடற மாதிரிதானே?"

இல்லை. சமூகச் சூதாட்டத்துக்கான விலக்கு நேரில் ஆடுவதற்கு மட்டும்தான். பணம் வைத்து இணையத்தில் ஆடுவதற்கு அது பொருந்தாது. இணையத்தில் யார் யாருக்குத் தெரிந்தவர் என்று உறுதிசெய்ய முடியாது என்பது ஒரு காரணம்.

உரிமம் இல்லாத சூதாட்டச் சேவையில் ஆடினால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். அப்படிப்பட்ட சேவையை நடத்துபவர்களுக்குத் தண்டனை இன்னும் பல மடங்கு அதிகம்: 500,000 வெள்ளி வரை அபராதம், ஏழு ஆண்டு வரை சிறை.

சூதாட்டக்கூடத்துக்குப் போனால்?

மரினா பே சேண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா இரண்டிலும் உள்ள சூதாட்டக்கூடங்கள் 2010இல் திறக்கப்பட்டன. 21 வயது நிரம்பியிருக்கவேண்டும். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்தவேண்டும். ஆண்டுக் கட்டணம் 3,000 வெள்ளி. 2019 ஏப்ரலில் இந்தத் தொகைகள் உயர்த்தப்பட்டன. அதற்கு முன் 100 வெள்ளியும் 2,000 வெள்ளியுமாக இருந்தன.

இதையும் கணக்கில் பார்க்கவேண்டும். ஆடுவதற்கு 500 வெள்ளி எடுத்துப் போகிறீர்கள் என்றால், முதல் சீட்டு கைக்கு வரும் முன்பே அதில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகை கதவருகே போய்விட்டது. அதன்மேல் நடத்துபவருக்கும் ஒரு பங்கு உண்டு. போக்கரில் நீங்கள் மற்ற ஆட்டக்காரர்களை எதிர்த்து ஆடுவதால், நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலிருந்தும் ஒரு பகுதியையோ நேரத்துக்கு ஒரு கட்டணத்தையோ எடுத்துக்கொள்வது உலக வழக்கம். 150 வெள்ளியைத் திரும்பப் பிடிக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு உட்காருபவர், ஆட்டத்தைத் தொடங்கும்போதே தோற்றவருடைய மனநிலையில் இருக்கிறார்.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது?

இந்தியாவில் உள்ள உறவினர்கள் ரம்மி, போக்கர் செயலிகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தொடர்ந்து செய்திகள் வந்ததை அடுத்து, தமிழ்நாட்டு அரசு அவற்றைத் தடைசெய்ய முயன்றது. 2021இல் கொண்டுவந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு, மீண்டும் ஒரு சட்டம் உருவாகி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டங்களாகப் பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. இரண்டும் திறன் சார்ந்தவை என்பது அதன் கருத்து.

பிறகு 2025 ஆகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றம் ஒரு புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை, திறனா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல், அது தடைசெய்தது.

போக்கரில் திறன் உண்டா? நிச்சயமாக உண்டு. ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் நன்றாக ஆடுபவர் முன்னே வருவார். ஆனால் இன்று இரவு நீங்கள் ஆடப்போவது நூறு ஆட்டம்கூட இருக்காது. அவ்வளவு குறைந்த ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் குரல்தான் சத்தமாகக் கேட்கும். "எனக்குத் திறமை இருக்கு" என்ற நம்பிக்கை உண்மையாகவே இருந்தாலும், அதுவே ரீபை செய்ய வைக்கும் காரணமாகவும் மாறிவிடும்.

சரி, எனக்கு எது பொருந்தும்?

நீங்களே இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பாருங்கள்.

இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்களா? ரீபை இல்லாத சிறிய டோர்னமென்ட் நல்லது. எவ்வளவு போகும் என்பது முன்கூட்டியே தெரியும். தவறு செய்தால் அன்றைய இரவோடு முடிந்துவிடும்.

சீக்கிரம் கிளம்பவேண்டுமா? கேஷ் கேம் வசதி. ஆனால் கிளம்பும் நேரத்தை உட்காரும்போதே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். "பத்தரைக்கு எழுந்துடுவேன்" என்று முதலில் சொன்னவரை யாரும் கிண்டல் செய்யமாட்டார்கள்.

தோற்றால் கோபம் வருமா? உடனே திருப்பிப் பிடிக்கவேண்டும் என்று கை துடிக்குமா? அப்படியென்றால் கேஷ் கேம் உங்களுக்கு வேண்டாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தன்னைத் தெரிந்துவைத்திருப்பதும் ஒரு திறன்தான்.

டோர்னமென்டில் "முதல் ஒரு மணி நேரம் எத்தனை முறை வேண்டுமானாலும் ரீபை" என்று சொல்கிறார்களா? அப்படியானால் அது பெயரில்தான் டோர்னமென்ட். அதிகபட்ச இழப்பு 20 வெள்ளி என்ற பாதுகாப்பு அங்கே இல்லை.

20 வெள்ளி போனால் அடுத்த வாரம் சாப்பாட்டுக்கோ பயணத்துக்கோ இடிக்குமா? இரண்டும் வேண்டாம். பணமே இல்லாமல், தோற்பவர் பாத்திரம் கழுவவேண்டும் என்று ஆடிப் பாருங்கள். சிரிப்பு குறையாது.

நீங்கள்தான் வீட்டுக்காரர் என்றால்

நான்கு விதிகளை ஆட்டம் தொடங்கும் முன் சொல்லிவிடுங்கள். ஒன்று, முடியும் நேரம். இரண்டு, ஆளுக்கு அதிகபட்சம் எவ்வளவு. கேஷ் கேம் என்றால் ஒரு ரீபைக்கு மேல் கிடையாது. மூன்று, கடன் கிடையாது; "அப்புறம் பேநவ் பண்றேன்" என்பதும் கடன்தான். நான்கு, விளையாட விரும்பாதவருக்கும் அறையில் இடம் உண்டு, கட்டாயப்படுத்தக்கூடாது.

மூன்றாவது விதிதான் முக்கியம். சீட்டாட்டத்தில் 20 வெள்ளி தோற்றதால் நட்பு முறிவது அரிது. 20 வெள்ளி கடன் திரும்பி வராததால் முறிந்த நட்புகள் நிறைய.

எப்போது கவலைப்படவேண்டும்?

எவ்வளவு தோற்றீர்கள் என்பதை வீட்டில் குறைத்துச் சொல்கிறீர்களா? வேலை நேரத்திலும் அடுத்த ஆட்டத்தைப் பற்றியே யோசிக்கிறீர்களா? முன்பு 20 வெள்ளியில் கிடைத்த பரபரப்புக்கு இப்போது 200 தேவைப்படுகிறதா? ஆட்டத்துக்காகக் கடன் வாங்கினீர்களா? ஒன்றுக்காவது "ஆமாம்" என்றால் யாரிடமாவது பேசுங்கள்.

பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தின் உதவி எண் 1800-6-668-668. மனநலக் கழகத்தில் செயல்படும் தேசியப் போதைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவின் எண் 6732 6837. சூதாட்டக்கூடங்களுக்குள் நுழையத் தனக்குத்தானே தடை விதித்துக்கொள்ளவும் வழி உண்டு. குடும்பத்தினரும் தடை கோரி விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, ஃபேரர் பார்க் பற்றி ஒரு செய்தி

நீங்கள் ரயிலைவிட்டு இறங்கும் இந்த இடம்தான் ஒரு காலத்தில் சிங்கப்பூரின் குதிரைப் பந்தயத் திடல். 1843இல் இங்கே பந்தயம் தொடங்கியது. பக்கத்தில் உள்ள ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியது, பிறகு கிராஞ்சிக்கு. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடியது. 180 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ஆட்டம் அன்றோடு முடிந்தது.

அவ்வளவு பெரிய ஆட்டத்துக்கே முடிவு ஒன்று குறிக்கப்பட்டது. உங்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கும் ஒன்று வேண்டும்.

ஆகவே நண்பருக்குப் பதில் அனுப்பும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: "கேஷ் கேமா, டோர்னமென்டா? எத்தனை மணிக்கு முடியும்?" இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வந்தால் முறுக்கு வாங்கிக்கொண்டு போங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் டா" என்று வந்தால், முறுக்கை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே போய்விடுங்கள்.